தண்டனையை எதிர்த்து முறையிடலாமா?

செய்த குற்றத்தைச் செய்யவே இல்லை என்று சாதிப்பவனுடைய மனத்தில் போராட்டம் இல்லை. தண்டனை வந்தால் எதிர்க்கிறான். தோற்றால் உலகைப் பழிக்கிறான். தவற்றை உணர்ந்து வருந்துபவனுடைய நிலையே கடினமானது. தண்டனை தனக்குத் தகும் என்று அவனுடைய உள்ளம் சொல்கிறது. இத்தனை கடுமை தகுமா என்றும் அதே உள்ளம் கேட்கிறது. மேல்முறையீடு செய்தால் வருந்தியது பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுகிறான். செய்யாவிட்டால் குடும்பமும் பிழைப்பும் என்னவாகும் என்று கலங்குகிறான். ஆன்மிக வாழ்வில் நாட்டமுள்ள ஒருவருக்கு இந்தப் போராட்டம் இன்னும் கூர்மையாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் கொண்டால் இந்தக் கேள்வி தெளிவாகும். நடுத்தர வயதுடைய ஒரு குடும்பத் தலைவர். அலுவலகத்தில் நல்ல பெயர் பெற்றவர். வாரந்தோறும் சத்சங்கத்திற்குத் தவறாமல் வருபவர். ஓர் இரவு பணத்தைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில் மனைவியை அடித்துத் தள்ளுகிறார். மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிகிறது. அவர் கை ஓங்கியது அதுவே முதல் முறை அன்று. எலும்பு முறிந்ததுதான் முதல் முறை. வழக்கு நடைபெறுகிறது. குற்றவியல் நடுவர் அவருக்கு ஓராண்டு சிறைத்தண்டனை விதிக்கிறார். மனைவியை நேரிலோ தொலைபேசியிலோ கடிதத்திலோ அணுகக் கூடாது, அவர் தங்கியுள்ள வீட்டிற்கும் பணிபுரியும் இடத்திற்கும் செல்லக் கூடாது என்று பாதுகாப்பு ஆணையும் பிறப்பிக்கப்படுகிறது. இரண்டையும் எதிர்த்து முறையிட அவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

அந்த 30 நாட்களில் அவரிடம் மூன்று குரல்கள் பேசுகின்றன. ‘எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், எல்லாவற்றையும் மறுத்து வெளியே வாருங்கள்’ என்கிறார் உறவினர். ‘இது உங்கள் வினைப்பயன், வாய் திறவாமல் அனுபவித்துத் தீருங்கள்’ என்கிறார் சத்சங்க நண்பர். ‘அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறது அவருடைய சொந்த மனம். மூன்றும் நன்மை போலவே ஒலிக்கின்றன. மூன்றையும் ஆராயாமல் ஏற்பது ஆபத்து.

அடிக்கு முன்னே நடந்தது

கோபம் திடீரென்று வந்தது என்றே அடித்தவர்கள் பெரும்பாலும் கூறுவார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயம் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பொருளை இடைவிடாது எண்ணுவதில் பற்று பிறக்கிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவின் குலைவு, அதிலிருந்து புத்தியின் அழிவு என்று பகவான் படிப்படியாக அந்தச் சரிவை விளக்குகிறார். கை உயர்ந்தது கடைசிப் படி. ‘இவள் எனக்கு அடங்கியவள், என் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூடாது’ என்று பல ஆண்டுகளாக உள்ளத்தில் வளர்ந்த எண்ணமே முதற்படி. ஆகவே திருத்தம் அந்த முதற்படியில் தொடங்க வேண்டும். நீதிமன்றம் கடைசிப் படியை மட்டுமே விசாரிக்க முடியும். மற்றப் படிகளை விசாரிக்க வேண்டியவர் அவரே.

முறையீடு ஏன் ஏற்பட்டது?

மனிதன் வழங்கும் தீர்ப்பில் பிழை நேரக்கூடும் என்ற பணிவிலிருந்து பிறந்ததே மேல்முறையீடு. விசாரிக்காமல் தண்டித்த ஒரு சொல்லால் பாண்டியனின் அரசு சரிந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கண்ணகி அரசவையில் நின்று வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலனின் உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. தண்டனை நிறைவேறிய பிறகு வந்து சேர்ந்த முறையீடு அது. நிறைவேறும் முன்பே மற்றொருவர் மறுபடியும் ஆராய வேண்டும் என்பதற்காகவே நீதிமன்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

குற்றவியல் நடுவர் விதித்த தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தை அணுகலாம். 1978-ஆம் ஆண்டு ஹொஸ்கோட் என்பவரின் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், தண்டனை பெற்றவர் ஒருமுறையேனும் மேல்முறையீடு செய்ய வழி இருப்பது நேர்மையான நடைமுறையின் கூறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், வசதியற்றவருக்குச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. உயிரையும் தனிமனித உரிமையையும் காக்கும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவே அதற்கு அடிப்படை.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. எலும்பு முறிவு பழைய சட்டத்திலும் கொடுங்காயம்; புதிய சட்டத்திலும் கொடுங்காயமே. தானாக விரும்பிக் கொடுங்காயம் விளைவித்தவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். ஆனால் அந்த ஏழு ஆண்டுகள் என்பது உச்ச வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை நீதிபதியின் விவேகம் முடிவு செய்கிறது. விவேகத்திற்கு இடமுள்ள இடத்தில் மறுபரிசீலனைக்கும் இடம் உண்டு. அதைக் கேட்பது சட்டத்தை அவமதிப்பது ஆகாது. சட்டம் திறந்துவைத்த வாயில் வழியே நுழைவதுதான்.

மாண்டவ்யரின் முறையீடு

தண்டனையை எதிர்த்து முறையிட்ட ஒரு மகரிஷியை மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் காண்கிறோம். மாண்டவ்யர் மௌன விரதத்தில் இருந்தபோது கள்வர்கள் சிலர் தாங்கள் களவாடிய பொருள்களை அவருடைய ஆசிரமத்தில் மறைத்துவைத்தனர். தேடிவந்த காவலர்களுக்கு அவர் விடை கூறவில்லை. அரசன் அவரையும் கள்வராகக் கருதிக் கழுவேற்றினான். தவ வலிமையால் அவர் இறக்கவில்லை. உண்மை அறிந்த அரசன் அவர் காலில் விழுந்து வேண்டினான். கழுமரத்தை உடலிலிருந்து எடுக்க இயலாமல் வெட்டிவிட்டனர். உள்ளே தங்கிய துண்டுடனேயே அவர் திரிந்தார். அதனால் ஆணி மாண்டவ்யர் என்று பெயர் பெற்றார்.

அவர் அரசனைச் சினந்துகொள்ளவில்லை. நேரே தர்மதேவனின் சபைக்குச் சென்றார். எந்தச் செயலுக்காக இந்தப் பயன் வந்தது என்று கேட்டார். சிறு வயதில் பூச்சிகளைப் புல்லின் நுனியால் குத்தியதற்கு என்று விடை வந்தது. அந்தச் செயலை அவர் மறுக்கவில்லை. சிறிய பிழைக்குப் பெரிய தண்டனை என்றே வாதாடினார். பதினான்கு வயதுக்குள் செய்யும் செயல் பாவமாகக் கணக்கிடப்படக் கூடாது என்று எல்லை வகுத்தார். அவருடைய சாபத்தால் தர்மதேவனே பூமியில் விதுரராகப் பிறந்தார்.

இதில் சாதகர்கள் உணர வேண்டியவை மூன்று. அவர் செயலை மறுக்காமல் அளவை எதிர்த்தார். தீர்ப்பளித்தவரிடமே முறைப்படி சென்று கேட்டார். வழியில் எவரையும் துன்புறுத்தவில்லை. அவர் பெற்ற விதி பின்வரும் குழந்தைகள் அனைவருக்கும் நிழலாக அமைந்தது. தர்மதேவனின் கணக்கையே மறுபடி பார்க்கச் சொல்ல இடமிருக்கிறது என்றால், ஒரு குற்றவியல் நடுவரின் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்வது எப்படி அதர்மமாகும்?

லிகிதரின் மறுப்பு

அதே மகாபாரதத்தின் சாந்திபர்வத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. சங்கர், லிகிதர் என்ற இரு சகோதர முனிவர்கள் தனித்தனி ஆசிரமங்களில் வாழ்ந்தனர். அண்ணன் இல்லாத வேளையில் லிகிதர் அவருடைய மரத்துப் பழங்களைப் பறித்து உண்டார். திரும்பி வந்த சங்கர், ‘கேளாமல் எடுத்தது களவு, அரசனிடம் சென்று தண்டனை பெற்று வா’ என்றார். சுத்யும்ன மன்னன் லிகிதரைத் தண்டிக்கத் தயங்கினான்; மன்னிக்க முன்வந்தான். லிகிதர் மன்னிப்பை ஏற்கவில்லை. இரு கைகளும் வெட்டப்பட்டன. பின்பு பாஹுதா நதியில் நீராடியபோது கைகள் மீண்டும் முளைத்தன. ‘தங்கள் தவ வலிமையால் முதலிலேயே என்னைத் தூய்மையாக்கியிருக்கலாமே’ என்று லிகிதர் கேட்டதற்கு, தண்டிப்பது தம்முடைய பணி அன்று, அரசனுடைய பணி என்று அண்ணன் விளக்கினார்.

சத்சங்க நண்பர் லிகிதரைச் சுட்டிக்காட்டுவார். மாண்டவ்யரையும் லிகிதரையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு உண்மை விளங்கும். லிகிதர் தாமே முன்வந்து தண்டனையைக் கேட்டார். அது அவருடைய தவம். பிறர் அவர்மீது சுமத்தியது அன்று. ‘இது உன் வினை, வாய் மூடி அனுபவி’ என்று வேறொருவர் சொல்வது தவம் ஆகாது. வினைக் கொள்கை தன்னைத் தானே நோக்குவதற்கு ஏற்பட்ட கண்ணாடி. அதை அடுத்தவர் முகத்தின் முன் பிடித்தால் கொடுமையாகிவிடும். முறிந்த கையுடன் நிற்கும் மனைவியிடம் ‘இதுவும் உன் வினை’ என்று சொல்ல எந்த நல்ல மனமும் துணியாது. கணவரிடம் அவ்வாறு சொல்வதும் பொருந்தாது. மேலும், முயற்சியும் வினைதான். முறையாகச் செய்யும் முறையீடும் அதன் முடிவும் அதே நியதிக்குள் அடங்கியவையே.

இரு முனிவர்களிடமும் பொதுவாக உள்ளது ஒன்று: இருவரும் செய்த செயலை மறுக்கவில்லை. ஒருவர் தண்டனையை எதிர்த்தார்; மற்றவர் கேட்டு வாங்கினார். உண்மையை இருவருமே கைவிடவில்லை. தண்டனையை ஏற்பதா, எதிர்ப்பதா என்பது இரண்டாவது கேள்வி. உண்மையில் நிற்பதா, விலகுவதா என்பதே முதல் கேள்வி.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

இந்த அளவுகோலைக் கையில் கொண்டால் அந்தக் குடும்பத் தலைவருக்கு வழி தெளிவாகிறது. தண்டனையின் அளவைக் குறைக்கும்படி அவர் கேட்கலாம். செய்யாத செயல் ஏதேனும் தீர்ப்பில் ஏறியிருந்தால் அதை நீக்கும்படி கேட்கலாம். சாட்சியம் தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் சுட்டிக்காட்டலாம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடும்படி மேல்முறையீட்டு நீதிமன்றத்திடமும் வேண்டலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும்படி ஆணையிடவும் அச்சட்டம் இடம் தருகிறது. மருத்துவச் செலவையும் இழந்த ஊதியத்தையும் தாமே தர முன்வருபவரின் முறையீடு, வெறும் தப்பித்தலுக்காக எழுதப்பட்ட முறையீட்டிலிருந்து வேறுபட்டது.

கேட்கக் கூடாதது எது? பொய். இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை அறிய வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே மௌனம் உரிமை. ஆனால் ‘அவள் தானாகவே மாடிப்படியில் விழுந்தாள்’ என்று எழுதுவது மௌனம் அன்று. ‘அவளுக்குச் சித்தம் சரியில்லை’ என்று நிறுவ முயல்வது மௌனம் அன்று. பிள்ளையைக் கூண்டில் ஏற்றித் தாய்க்கு எதிராகப் பேசச் செய்வது மௌனம் அன்று. அவை ஒவ்வொன்றும் மற்றோர் அடி. முதல் அடி கையால் விழுந்தது. அது சினத்தின் மயக்கத்தில் நேர்ந்தது என்றாவது சொல்லலாம். இந்த இரண்டாவது அடி தாளில் விழுகிறது. மயக்கம் தெளிந்து, யோசித்து, கையெழுத்திட்டு விழுகிறது. பாவத்தின் எடையில் எது அதிகம் என்பதை ஆன்மிக சாதகருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கறிஞரிடம், ‘பொய்யான காரணம் எதையும் எழுத வேண்டாம், உண்மையை வைத்துக்கொண்டு என்ன கேட்க முடியுமோ அதைக் கேளுங்கள்’ என்று சொல்ல அவருக்குத் துணிவு வேண்டும். அவருடைய தவம் அந்த ஒரு வாக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிறைக்குச் செல்வதா இல்லையா என்பது அதன் பிறகு வருவது.

நீண்ட வழக்கு சொல்லும் பாடம்

1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலா நகரில் வாகனம் நிறுத்தியது தொடர்பான ஒரு சச்சரவில், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் ஒருவர் 65 வயது முதியவரை அடித்ததாகவும் முதியவர் இறந்துவிட்டதாகவும் வழக்குப் பதிவாயிற்று. 1999-இல் விசாரணை நீதிமன்றம் அந்த வீரரை விடுதலை செய்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைக் காயம் விளைவித்த குற்றமாகக் குறைத்து 1,000 ரூபாய் அபராதத்துடன் முடித்தது. முதியவரின் குடும்பத்தார் மறுஆய்வு வேண்டினர். 2022 மே 19 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடல்வலிமை மிக்கவரின் கையே ஓர் ஆயுதமாகக்கூடும் என்பதை முன்பு போதிய அளவு கருதவில்லை என்று நீதிமன்றம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. அவர் சிறை சென்று 2023 ஏப்ரலில் விடுதலையானார்.

ஒரு சில நிமிடச் சினத்திற்கு 34 ஆண்டுகள் முடிவு தேடிய வழக்கு இது. முறையீடு என்பது தண்டிக்கப்பட்டவருக்கு மட்டுமே உரியதன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. காயப்பட்டவரின் பக்கமும் தராசில் ஏறி நிற்கிறது. தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, சிறிய குற்றத்திற்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாமற்போனாலோ மேல்முறையீடு செய்யும் உரிமை 2009-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் கிடைத்தது. ‘மறுபடியும் பாருங்கள்’ என்று கேட்கும் உரிமை தனக்கு இனிக்கும்போது, அதே உரிமை எதிரே இருப்பவருக்கும் உண்டு என்பதை மறவாதிருப்பதே நடுவுநிலைமை.

தனக்கு இழுக்கப்பட்ட கோடு

சிறைத்தண்டனையைவிட ஆழமான சோதனை பாதுகாப்பு ஆணையில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இத்தகைய ஆணைக்கு வழி செய்கிறது. பாதிக்கப்பட்டவரின் பணியிடத்தில் நுழைவது, நேரிலோ சொல்லாலோ எழுத்தாலோ தொலைபேசியாலோ மின்னஞ்சலாலோ தொடர்பு கொள்வது, அவருக்கு உதவிய உறவினரைத் துன்புறுத்துவது ஆகியவற்றை நடுவர் தடை செய்யலாம். ஆணையை மீறுவது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அமர்வு நீதிமன்றத்தில் 30 நாட்களுக்குள் முறையிடும் வழி இருவருக்கும் உண்டு. ஆனால் முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்த அளவிலேயே ஆணை நின்றுவிடாது. மேல்முறையீட்டின்போது சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணையில் வெளியே வந்தாலும், பாதுகாப்பு ஆணை தன்னளவில் உயிரோடு இருக்கும்.

இங்கேதான் அவருடைய மனத்தின் குரல் அவரை ஏமாற்றுகிறது. ‘காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தானே போகிறேன், இதில் என்ன தவறு?’ என்று அது கேட்கிறது. இரவில் உறக்கம் வரவில்லை, நெஞ்சு கனக்கிறது, ஒரு சொல் பேசினால் பாரம் இறங்கும் என்று தோன்றுகிறது. ஆனால் யாருடைய பாரம்? கதவு தட்டப்படும் ஓசையைக் கேட்ட கணத்தில் அந்தப் பெண்ணின் உடல் நடுங்குமானால், கதவுக்கு வெளியே நிற்பவர் பூங்கொத்துடன் நிற்கிறாரா தடியுடன் நிற்கிறாரா என்பதால் அந்த நடுக்கம் குறையாது. தன் மனஅமைதிக்காக அவளுடைய அமைதியைக் குலைப்பது பழைய குணத்தின் புதிய வேடம். அன்று அவளுடைய சொல்லுக்கு இடம் தராத அகங்காரம், இன்று அவளுடைய மௌனத்திற்கும் இடம் தர மறுக்கிறது.

வால்மீகியின் நூலில் இல்லாவிட்டாலும், லட்சுமணன் கோடு இழுத்த கதை மக்கள் வழக்கில் ஆழப் பதிந்தது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் கோட்டைத் தாண்டிய சீதையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார்கள். காவலுக்காக இழுக்கப்பட்ட கோடு என்பதையும், அதன் மறுபக்கத்தில் மாறுவேடத்தில் நின்றவனிடமே குற்றம் இருந்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பு ஆணை அந்த மறதியைத் திருத்துகிறது. பெண் எங்கே போகக் கூடாது என்று அது சொல்வதில்லை. துன்புறுத்தியவர் எங்கே வரக் கூடாது என்று சொல்கிறது. பணிவான தோற்றமும் ஒரு வேடமாகலாம் என்பதை அந்தக் கதையே எச்சரிக்கிறது.

அப்படியானால் பாதுகாப்பு ஆணையை எதிர்க்கவே கூடாதா? கூடும். பிள்ளைகளைக் காண வழியில்லாதபடி ஆணை அமைந்திருந்தால் அதைத் திருத்தும்படி கேட்கலாம். பிள்ளைகளைச் சந்திக்க ஏற்பாடு செய்யும் அதிகாரம் அதே சட்டத்தில் நடுவருக்கு உண்டு. சூழ்நிலை மாறினால் ஆணையை மாற்றவோ நீக்கவோ இருவரில் எவரும் வேண்டலாம். ஆனால் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம். மனைவியின் வாசல் அந்த இடம் அன்று. மாமியாரின் தொலைபேசியும் அன்று. பிள்ளையின் பள்ளிக்கூட வாயிலும் அன்று. எதிர்த்து முறையிடும் ஆணைக்கும் முடிவு வரும்வரை முழுமனத்துடன் கீழ்ப்படிவதே முறையீட்டிற்குத் தகுதி தருவது. கோட்டை மதித்துக்கொண்டே கோட்டைப் பற்றிப் பேசுபவனின் சொல்லை நீதிபதி நம்ப இடமுண்டு. அதைவிட, அவனே தன்னை நம்ப இடமுண்டு.

மன்னிப்பு யாருடையது?

1908 பிப்ரவரி 10 அன்று ஜோஹானஸ்பர்க் நகரத் தெருவில் காந்தியடிகளை மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் தடியால் அடித்து வீழ்த்தினர். நினைவு திரும்பிய காந்தியடிகள், அவர்கள்மீது வழக்கு வேண்டாம், விடுவியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் நகரத்து ஐரோப்பியர்கள், பொதுத்தெருவில் நடந்த குற்றத்தை அடிபட்டவர் விரும்பவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது என்று அரசுக்கு எழுதினர். மீர் ஆலமுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று இந்தியர்கள் பதிவுச் சான்றிதழ்களை எரித்த கூட்டத்திற்கு மீர் ஆலமும் வந்தார். தாம் அடித்தது தவறு என்று அனைவர் முன்னிலையிலும் சொல்லித் தம் சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். காந்தியடிகள் மகிழ்ச்சியுடன் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று பொருள்கள் தனித்தனியே நிற்கின்றன. மன்னிப்பு அடிபட்டவருடையது, அவர் கேட்கப்படாமலே கொடுத்தார். தண்டனை அரசுடையது, மன்னிப்பினால் அது நீங்கவில்லை. திருந்துதல் அடித்தவருடையது, மன்னிப்போ தண்டனையோ அதை அவருக்காகச் செய்துவிடவில்லை. மூன்றையும் குழப்புவதாலேயே பெரும்பாலான துன்பங்கள் விளைகின்றன. ‘அவள் மன்னித்துவிட்டால் தண்டனை வேண்டாமே’ என்பது ஒரு குழப்பம். ‘தண்டனை அனுபவித்துவிட்டேன், இனி அவள் மன்னித்தாக வேண்டும்’ என்பது இன்னொரு குழப்பம். மன்னிப்பைக் கடனாகக் கருதி வசூலிக்க முடியாது. காந்தியடிகள் அன்றே கொடுத்தார் என்பதற்காக எல்லோரும் கொடுத்தாக வேண்டும் என்று விதிப்பதும் முறையன்று. ஒருத்திக்கு மன்னிக்கப் பத்தாண்டுகள் ஆகலாம். ஒருபோதும் முடியாமலும் போகலாம். அப்போதும் அவளிடம் குறை காண எவருக்கும் உரிமையில்லை.

சுற்றியிருப்பவர்களின் கடமை

இத்தகைய குடும்பத்தைச் சுற்றி நிற்கும் உறவினர்களுக்கும் பக்தர்களுக்கும் பொறுப்பு உண்டு. குடும்ப மானத்தின் பெயரால் புகாரைத் திரும்பப் பெறும்படி மனைவியை வற்புறுத்துவது உதவியன்று. ‘அவர் மிகவும் மாறிவிட்டார்’ என்று தூது சொல்லச் செல்வது ஆணையை மீறத் துணைபோவதாகும். ‘பெண்ணுக்குப் பொறுமையே அழகு’ என்ற உபதேசத்தை முறிந்த கைக்கு மருந்தாகக் கொடுப்பது ஆன்மிகம் ஆகாது. அவளுக்குப் பாதுகாப்பான இருப்பிடமும் வருவாயும் அச்சமின்றிச் சத்சங்கத்திற்கு வரும் வாய்ப்பும் முதலில் உறுதியாக வேண்டும். இருவரும் ஒரே மண்டபத்திற்கு வர இயலாது என்றால், விலக வேண்டியவர் அவளல்லர்.

அதே வேளையில் அடித்தவரைத் தீண்டத்தகாதவராக ஒதுக்குவதும் வழியன்று. அவருக்கும் ஒருவர் செவிகொடுக்க வேண்டும். சினத்தின் வேரை அவர் காண ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் சிறைக்குச் சென்றால் நல்ல நூல்களுடன் சென்று பார்க்க ஒருவர் வேண்டும். தவற்றை வெறுப்பதும் தவறியவரை வெறுப்பதும் வேறு வேறு என்று சொல்வது எளிது. அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கான களம் இதுவே. ஆனால் அந்தப் பரிவு அவளுடைய பாதுகாப்பின் செலவில் வரக் கூடாது.

முடிவு எதுவாயினும்

முறையீடு ஏற்கப்படலாம், ஓராண்டு ஆறு மாதமாகலாம், நன்னடத்தைப் பிணையாகலாம். தள்ளுபடியாகவும் செய்யலாம். ஏற்கப்பட்டால், ‘நான் குற்றமற்றவன்’ என்று பறைசாற்றாதிருப்பது அவருடைய சாதனை. தண்டனை குறைந்தது, செயல் குறையவில்லை. தள்ளப்பட்டால், ‘உலகமே எனக்கு எதிரி’ என்று உள்ளத்தில் நஞ்சு சேர்க்காதிருப்பதே சாதனை. மாண்டவ்யரைப் போல் முறையிட்டவர் இப்போது லிகிதரைப் போல் ஏற்கலாம். ஒரே மனிதரிடம் இருவரும் இருக்க இடமுண்டு. பயனைப் பற்றாமல் கடமையைச் செய்க என்னும் கீதையின் போதனை போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று. நீதிமன்றத்தின் படிக்கட்டுக்கும் உரியது.

செய்த தவற்றை உணர்ந்தவர் தண்டனையை எதிர்த்து முறையிடலாம். உண்மையை எதிர்த்து முறையிடக் கூடாது. கோட்டை மாற்றும்படி கேட்கலாம், தாண்டக் கூடாது. மன்னிப்புக்குத் தகுதியாக முயலலாம். மன்னிப்பைக் கேட்டு வாசலில் நிற்கக் கூடாது. அவள் அச்சமின்றி உறங்கும் ஒவ்வோர் இரவும் அவர் விலகி நின்று அவளுக்குச் செய்யும் தொண்டு. அந்தத் தொண்டை அவள் அறியவேண்டியதில்லை, பாராட்டவேண்டியதும் இல்லை. எவரும் அறியாமல் நாள்தோறும் செய்யப்படும் அந்தத் தவத்தை உள்ளிருந்து காண்பவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய சபையில் எந்த முறையீடும் கேட்கப்படாமல் போவதில்லை.